விஷுவலைசர்: மஞ்சளுக்கு முழு மார்க், 50 ஹெர்ட்ஸுக்கு முட்டை

ஆன்லைனில் இந்த விஷுவலைசரின் விலை இறங்கியிருக்கிறது. நான் வாங்கும்போது ஒன்பதாயிரத்தை ஒட்டி இருந்தது, இப்போது ஆறாயிரத்துச் சில்லறைதான். தெரிந்த ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் லிங்க் அனுப்பி வாங்கலாமா என்று கேட்டுவிட்டார்கள். போன வாரம்தான் என்னுடையதன் கழுத்தை ஈரோட்டில் ரிப்பேர் பார்த்து எடுத்துவந்தேன் என்பதால், சூட்டோடு எழுதிவிடுகிறேன். எத்தனை மெகாபிக்சல், எத்தனை எல்இடி என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. வளைகிற கழுத்தின் நுனியில் தரையைப் பார்த்த கேமரா, அதிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிள். லேப்டாப்பில் செருகினால், அடியில் வைக்கிற எதுவும் ப்ரொஜெக்டரில் சுவர் அகலத்துக்குத் தெரியும். கம்பெனிப் பெயர் எதற்கு? கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். டிஜிட்டல் விஷயங்களை மெதுவாகப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். 2018-ல் க்யூஆர் கோடோடு புதிய பாடப்புத்தகங்கள் வந்தன, அதை ஸ்கேன் செய்ய திக்‌ஷா செயலியை இறக்கினோம். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி என்ற பாட வீடியோ செயலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் மறந்துபோக ஒரு பாஸ்வேர்டு. பள்ளியில் நெட் இழுத்துக்கொண்டு நிற்கும் என்பதால் ராத்திரி வீட்டிலேயே வீடியோக்களை இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டப் பழகினேன். குறை சொல்ல மாட்டேன். இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதையும் கிரகணத்தையும் நான் எதை வைத்துக் காட்டுவது? அதற்கு வீடியோதான் சரி.

ஆனால் பள்ளியைச் சுற்றி நாலு பக்கமும் மஞ்சள் காடு இருக்கும் ஊரில், மஞ்சள் கிழங்கை எதற்கு வீடியோவில் பார்க்க வேண்டும்?

2020 ஊரடங்கின்போது வீட்டில் எவர்சில்வர் தூக்குப்போசி இரண்டை நிறுத்தி, குறுக்கே மர ஸ்கேல் இரண்டைப் போட்டு, அதன்மேல் போனைக் கவிழ்த்து வைத்து நோட்டில் எழுதிக் காட்டினேன். அப்போதே இந்த முறை எனக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளி திறந்தபிறகு அதற்கென்றே ஒரு கருவி விற்கிறது என்று தெரிந்ததும் கைக்காசு போட்டு வாங்கினேன்.

சரி, மஞ்சள். தை, மாசியில் எங்கள் பக்கம் மஞ்சள் வெட்டு. பிள்ளைகள் விரலெல்லாம் கறையோடு வருவார்கள். தரைகீழ்த் தண்டு பற்றிச் சொல்லும்போது இஞ்சியும் மஞ்சளும் தண்டு, வேர் அல்ல என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பெல்லாம் சொல்வேன், எழுதிக்கொள்வார்கள், ஒருவரும் நம்பமாட்டார்கள். மண்ணுக்குள் இருந்து வெட்டி எடுக்கிற பொருள் எப்படித் தண்டாகும்? இப்போது அன்றைக்கு வெட்டிய ஒரு விரலியை மண்ணோடு கேமராவுக்கு அடியில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் துடைக்கிறேன். மண் போகப்போகச் சுவரில் வளையம் வளையமாகக் கணுக்கள் தெரிகின்றன. ஒவ்வொரு கணுவிலும் காய்ந்துபோன செதில் இலையின் நார். ஓர் ஓரத்தில் முளைக்கத் தயாராக வெளுத்த மொட்டு. கணு இருக்கிறது, இலை இருக்கிறது, மொட்டு இருக்கிறது, அப்புறம் இது என்ன? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "அப்ப நாங்க மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விக்கறது தண்டுங்களா டீச்சர்?" என்றான். ஏமாந்துபோன மாதிரி ஒரு குரல். ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

அதையே குறுக்கே வெட்டினால் இன்னும் அழகு. வெளிப்பக்கம் ஒரு மஞ்சள், உள்ளே அடர்ந்த ஆரஞ்சு, நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு வளையம். வெறும் கண்ணுக்கே தெரிவதுதான், ஆனால் முதல் பெஞ்சுக்கு மட்டும். மேசையைச் சுற்றிக் கூட்டம் போட்டுத் தள்ளுமுள்ளு நடக்கும், பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் தலையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பிரச்சினை ஒரேயடியாக ஒழிந்தது.

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிப் பாடமும் அப்படித்தான். வடிதாளில் மஞ்சளைத் தடவிக் காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வேன். கேமராவுக்கு அடியில் ஒரு துண்டு, அதன்மேல் துணிசோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. விழுந்த இடத்தில் செம்பழுப்பு ஊறி, தாளின் நார் வழியாக விளிம்பை நோக்கி நகர்வது அப்படியே தெரியும். "ஆரத்தி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து கத்தினாள் ஒருத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கினால் ஆரத்தி சிவப்பதும் சோப்பில் இருக்கும் அதே காரத்தன்மையின் வேலைதான், நான் சொல்வதற்கு முன் அவளே சொல்லிவிட்டாள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் சிவப்பு ஓடிப்போய் மறுபடி மஞ்சள். "இன்னொருக்கா டீச்சர்!" வீடியோவிடம் யாரும் இன்னொருக்கா என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மாணவியின் வீட்டில் பட்டுப்புழு மனை வைத்திருக்கிறார்கள். டப்பாவில் மல்பெரி இலையோடு நான்கு பெரிய புழுக்களைக் கொண்டுவந்தாள். உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண் என்றார்கள், மச்சம் என்றார்கள். சுவாசத் துளைகள் என்றதும் எண்ண ஆரம்பித்தார்கள், பக்கத்துக்கு ஒன்பது. புழு இலையின் ஓரத்தை மேலிருந்து கீழாக வில்லாக அரித்துக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே மணி அடித்துவிட்டது. அன்றைக்கு நடத்த நினைத்த பாதியை நடத்தவில்லை, பரவாயில்லை.

நோட்டைத் திரையில் வைத்துத் திருத்துவது, படம் வரைந்து பாகம் குறிப்பது இதற்கெல்லாமும் நன்றாக உதவுகிறது. பளபளப்பான புத்தகத் தாளில் அதன் சொந்த எல்இடி விளக்கு கண்ணைக் குத்தும், அணைத்துவிட்டால் சரி. கை உள்ளே போனால் ஃபோக்கஸ் தடுமாறும், அதற்கும் பூட்டி வைக்க ஒரு பட்டன் இருக்கிறது.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் நாளே திரையில் அகலமான மங்கல் பட்டைகள், கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டே இருந்தன. "எங்க தறியில துணி சுத்தற மாதிரி ஓடுதுங்க டீச்சர்" என்றான் விசைத்தறி வீட்டுப் பையன். கேமராவே கோளாறோ என்று பயந்தேன். பக்கத்து வகுப்பு இயற்பியல் சார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்தார். பட்டை காணோம். போட்டார், வந்துவிட்டது.

விஷயம் இதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை, பத்தாம் வகுப்பில் நாமே நடத்துகிறோம். ஒவ்வொரு அலைக்கும் இரண்டு முறை என்று ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவோ படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம் நூறில் ஒரு விநாடிக்கோ அதன் மடங்குக்கோ பொருந்தினால் எல்லா வரிக்கும் ஒரே வெளிச்சம். இந்தக் கேமரா 60 ஹெர்ட்ஸ் என்று எண்ணிக்கொண்டு 120-க்குக் கணக்குப் போடுகிறது. அமெரிக்காவில் அது சரி, அங்கே 60-தான். கவுந்தப்பாடியில் அந்தக் கணக்கு ஒரு வரிக்கு வெளிச்சம் கூடவும் அடுத்ததற்குக் குறையவும் வைக்கிறது, பட்டை ஓடுகிறது. பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டுக்கு அடியில் ரொம்ப மோசம், மலிவு எல்இடி பட்டிகளிலும் வரும். எலக்ட்ரானிக் சோக் உள்ள அறையில் பெரும்பாலும் தொந்தரவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் வரவே வராது.

இதற்கு மாற்றுவழி மென்பொருளிலேயே இருக்கிறது. செட்டிங்ஸ் போய், அதற்குள் இன்னொரு பக்கம் போய், 60 என்பதை 50 ஆக்கி, சேமி என்று அழுத்த வேண்டும். சேமித்துவிட்டதாகப் பச்சை நிறத்தில் செய்தியும் வரும். படம் பளிச்சென்று நிற்கும். மணி அடிக்கும். கேபிளைப் பிடுங்கி, அடுத்த வகுப்புக்குப் போய்ச் செருகினால், மறுபடியும் 60! அந்தப் பச்சைச் செய்திக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை புரியவில்லை. வேறொரு இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் கேபிளைப் பிடுங்கினால் பழைய குருடி கதவைத் திறடிதான். ஆகவே இது கேமராவின் புத்தி, மென்பொருளின் குற்றம் அல்ல.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். "கேபிளைக் கழற்றி மீண்டும் மாட்டிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. கழற்றி மாட்டுவதால்தானே அப்பா இந்தப் பாடு! இந்தியாவில் விற்பதற்கென்று பெட்டியில் ரூபாயில் விலை அச்சடிக்கத் தெரிந்தவனுக்கு, இந்தியாவில் என்ன மின்சாரம் ஓடுகிறது என்று தெரியாதா? ஒரு எண், ஒரேயொரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளத் துப்பில்லை. பாடவேளையின் தொடக்கத்தில் அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு பெரியது என்பது வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் மவுஸைத் தேடும் நேரத்தில் பின் பெஞ்சில் ஒரு ஊராட்சியே கூடிவிடும்.

இத்தனை திட்டிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தூசியிலும் சாக்பீஸ் பொடியிலும் கிடந்து ஒருநாளும் இது நின்றுபோனதில்லை. தனி அடாப்டர் வேண்டாம், லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கழுத்து மட்டும் தளர்ந்து, பாடம் நடக்க நடக்கப் படம் கீழே சரிந்துகொண்டே போனது. ஈரோட்டில் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் காட்டினேன். தம்பி அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போகலைங்க டீச்சர், நட்டு லூசு. வாஷர் ஒண்ணு போட்டா நிக்குமுங்க" என்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது விறைப்பாக நிற்கிறது. 60 பிரச்சினையையும் கேட்டேன். "அது உள்ளுக்குள்ள எழுதி வெச்சதுங்க, நம்மகிட்ட ஆகாதுங்க" என்றார். அந்தத் தெளிவு கம்பெனி மெயிலில் இல்லை.

போனையே ஸ்டாண்டில் மாட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும். படம்கூட இதைவிட நன்றாக வரும், என் போனில் பட்டைகளும் வருவதில்லை. ஆனால் பட்டுப்புழு இலை தின்றுகொண்டிருக்கும்போது சொந்தக்காரர் ஒருவரின் "சாப்ட்டாச்சா கண்ணு" என்ற வாட்ஸ்அப் செய்தி சுவர் அகலத்துக்கு விரியும். வகுப்பு அதை ஒரு வாரம் சொல்லிச் சிரிக்கும். ஏரோப்ளேன் மோடில் போட நினைவிருப்பவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். இன்றைக்கு மதியம் எட்டாம் வகுப்பில் மேகமூட்டம், ஜன்னல் வெளிச்சம் போதவில்லை, ட்யூப்லைட்டைப் போட்டோம், பட்டை ஓடியது, மாற்றினேன், கரண்ட் ஒரு நொடி போய் வந்ததில் லேப்டாப்பும் அணைந்து எழுந்தது (பேட்டரி எப்போதோ செத்துவிட்டது), மறுபடி 60. இந்த விலைக்கு இந்த மாடல் வேண்டவே வேண்டாம். போன் ஸ்டாண்டுக்குச் சில நூறு ரூபாய் போதும், மீதியில் வகுப்பறையின் பழைய சோக்குகளை மாற்றிவிடலாம். விஷுவலைசர்தான் வேண்டும் என்றால் வேறு மாடலைக் கடைக்குப் போய் வாங்குங்கள், ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்து 50 ஆக்கி, கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொல்லுங்கள். 50 நிற்கவில்லை என்றால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவு திட்டுகிறீர்களே, உங்களுடையதைப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்று ஒரு சார் கேட்டார். தை பிறந்தால் மஞ்சள் வெட்டு சார், கொடுக்க முடியாது.