அடைக்கு வந்த கோழி: அடை வைப்பதா, இன்குபேட்டரா, தெளிய வைப்பதா?

பெட்டைக்கோழி மூலையை விட்டு எழ மாட்டேன் என்கிறது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது, தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல்முறை கோழி வளர்ப்பவர்கள் இதை நோய் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். அடைக்கு வந்திருக்கிறது, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். இனி மூன்று வழி உண்டு: அதையே அடை வைக்கலாம், முட்டையை இன்குபேட்டர் என்ற பொரிப்புப் பெட்டியில் போடலாம், இல்லை அந்த எண்ணத்தையே விட வைத்து அடையைத் தெளிய வைக்கலாம். தோட்டம், களம் உள்ள ஊர்களுக்குச் சொல்லும் யோசனை வடசென்னையில் தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்கும் வியாசர்பாடி சந்துக்கும் அப்படியே பொருந்தாது.

முதலில் சேவல் விஷயம். சேவல் சேராத முட்டையை எத்தனை நாள் வைத்தாலும் குஞ்சு வராது. மளிகைக் கடை வெள்ளை முட்டையும் அந்த ரகம்தான். கரு கூடிய நாட்டுக்கோழி முட்டை கிடைக்க வழி இல்லையென்றால் முதல் இரண்டு வழியும் அடிபட்டுப்போகும்.

கிடைத்தால், கோழியிடமே விட்டுவிடுவதுதான் என் கட்சி. 21 நாள் வேலை அது. நாட்டுக்கோழி 10, 12 முட்டை வரை தாங்கும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் பழைய மீன் கூடை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் வாடை போகக் கழுவி வெயிலில் காயவைக்காவிட்டால் அது பூனைக்கும் எறும்புக்கும் வைத்த அழைப்பிதழ். அடியில் மணல், மேலே வைக்கோல். பாட்டி இருக்கும் வீட்டில், இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பயந்து ஓர் இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாயும் கூடைக்குள் போகும். இடியை அது தடுக்குமோ என்னவோ, கோழிக்குத் தொந்தரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

முட்டையை இருட்டிய பிறகு அடியில் வையுங்கள், சண்டை போடாது. தினம் ஒருமுறை அது எழுந்து, நாறுகிற பெரிய எச்சம் ஒன்று போட்டு, கம்போ நொய்யோ கொத்தி, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். எழவே இல்லையென்றால் நாம்தான் தூக்கிவிட வேண்டும். தூக்குமுன் இறக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே முட்டையை இடுக்கி வைத்திருக்கும், சட்டென்று தூக்கினால் கீழே விழுந்து உடையும். அப்படியே வயிற்றுப் பக்க இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஏழாம் நாள் ராத்திரி, போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை போல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு வளர்கிறது. வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். அடைகாக்கும் காலம் முழுக்கப் பயப்பட வேண்டியது பெருச்சாளிக்கு. சாக்கடையிலிருந்து ஏறி வருவது முட்டையோடு நிற்காது, கோழியையும் கடிக்கும். ராத்திரி கூடை இருக்கும் இடம் கம்பி வலைக்குள் இருந்தே ஆகவேண்டும். குஞ்சு வந்த பிறகு காக்கா, பருந்து.

இன்குபேட்டர்? தெர்மாகோல் பெட்டி, பல்பு, தெர்மோஸ்டாட் வைத்து வீட்டிலேயே செய்கிறார்கள். சூடு 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும், முட்டையை 18ஆம் நாள் வரை தினம் மூன்று முறையாவது திருப்ப வேண்டும், கடைசி மூன்று நாள் ஈரத்தைக் கூட்ட வேண்டும். நம் பக்கம் கடல் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, ஈரமானியைப் பார்க்காமல் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே திணறிவிடும். நடுராத்திரி கரண்ட் போனால் உங்கள் தூக்கமும் போகும். பொரித்த பிறகும் முதல் வாரம் 35 டிகிரி சூட்டுக்கு பல்பு எரிய வேண்டும். இதையெல்லாம் சம்பளமில்லாமல் செய்யத் தயாராக ஒரு கோழி மூலையில் உட்கார்ந்திருக்கும்போது எதற்கு இது? அடைக்கு வராத லெகார்ன் மாதிரிக் கோழி வைத்திருப்பவர்களுக்கு இன்குபேட்டர் சரி.

தெளிய வைப்பது இரக்கமில்லாத வேலை என்று சிலர் தயங்குகிறார்கள். வெறும் கூட்டில் வாரக்கணக்கில் உட்கார்ந்து கோழி இளைத்துப்போவதைவிட இது மேல். கரு கூடிய முட்டை இல்லை, குஞ்சுக்கு இடம் இல்லை, அல்லது கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்கடியில்தான் கூடு என்றால் இதையே செய்யுங்கள். அடி முழுக்கக் கம்பியாக இருக்கும் கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் கொடுத்து, வெளிச்சமான நிழலில் மூன்று நான்கு நாள் விட்டால் போதும். வயிற்றடியில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளியும். திறந்துவிட்டதும் பழைய மூலைக்கே ஓடினால் மறுபடி கூண்டு. தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது எல்லாம் வேண்டாம்.

ஹவுசிங் போர்டு வீட்டுக்காரர்கள் அடை வைத்தாலும் நாலைந்து முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகும். நாலைந்து மாதத்தில் அவை விடியற்காலையில் கூவத் தொடங்கும்போது முதலில் வருவது எதிர்வீட்டுக்காரர்தான்.

குஞ்சு வந்துவிட்டால் முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து போட வேண்டும். ஒரு குப்பியே நூறு குஞ்சுக்கு வரும், கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்குவது நல்லது. வீட்டுக்கு வரும்வரை மருந்து ஐஸில் இருக்க வேண்டும். காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.