கிளவுட் இலவசம் எண்டு கையெழுத்து வைக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

பரந்தனில எனக்கு உரம், விதைநெல் விக்கிற கடை. முள்ளியவளையிலும் மாங்குளத்திலும் கிளை இருக்கு. எங்கட யாவாரம் கடனில ஓடுறது. விதைக்கேக்க உரமும் மருந்தும் குடுப்பம், சனம் அறுவடை முடிய வந்து கட்டும். ஆர் எவ்வளவு தரவேணும் எண்ட கணக்கு முழுக்கக் கடைக்குப் பின்னறையில இருந்த பழைய சேர்வரில. 2022ல மணித்தியாலக் கணக்கா கரண்ட் நிண்டபோது அது ரெண்டு தரம் படுத்திட்டுது. அண்டையில இருந்து எனக்கு அந்தப் பயம்தான்.

போன வருசம் ஆடியில ஒரு ஐ.டி. கம்பனியில இருந்து ரெண்டு பேர் வந்திச்சினம். மரியாதையாக் கதைச்ச பெடியள். "அண்ணை, கணக்கு எல்லாத்தையும் கிளவுட்டுக்கு ஏத்துவம். செலவுக்கு கிளவுட் கம்பனியே ஸ்பொன்சர் தரும். ஒரு வருசத்துக்கு உங்கட கையால ஒரு சதமும் போகாது" எண்டிச்சினம். கிளவுட் எண்டால், எங்கட கணக்கை இன்ரநெற் வழியா ஒரு பெரிய கம்பனியின்ர கம்பியூட்டரில வைச்சு, அதுக்கு மாதாமாதம் வாடகை கட்டுறது.

அப்பிடித் திட்டங்கள் இருக்கிறது உண்மை. அமேசானிட்ட ‘மைக்ரேஷன் ஆக்ஸிலரேஷன் ப்ரோகிராம்’ எண்டு ஒண்டு, சுருக்கமா மேப். மைக்ரோசொஃப்டும் கூகிளும் இதே மாதிரி வைச்சிருக்கினம். தங்கட பக்கம் ஆக்கள் வரவேணும் எண்டதுக்காக, மாறுற செலவில ஒரு பங்கை அவையே ஏற்கினம். ஆனால் காசு எங்கட கைக்கு வராது. ஒரு பகுதி மாத்திக் குடுக்கிற கம்பனிக்குப் போகும். மற்றது ‘கிரெடிட்’, அது பில்லில கழிபடும். கிரெடிட்டுக்கு முடிவுத் திகதி இருக்கு. மார்க்கெட்பிளேஸ் எண்ட அவையின்ர இணையக் கடையில வாங்கிற வேற ஆக்களின்ர மென்பொருளுக்குப் பெரும்பாலும் செல்லாது. மேப்பில எண்டால், மாத்தின மெசினுக்கு, அதாவது கிளவுட்டில எங்களுக்கு ஓடுற கம்பியூட்டருக்கு, அதுக்குரிய ‘டாக்’ எண்ட அடையாளக் குறி போட்டிருக்கவும் வேணும். இதில ஒண்டைக்கூட எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

ஐப்பசியில ஒரு பேப்பரோட வந்திச்சினம். முழுக்க இங்கிலிஷ். "ஸ்பொன்சர் எடுக்கிறதுக்கு ஒரு சின்னக் கையெழுத்து அண்ணை." அண்டைக்கு உர லொறி இறங்கிக்கொண்டிருந்தது, கடை வாசலில சனம். நான் கல்லாவில நிண்டபடி வைச்சுக் குடுத்தன். ‘வேலை திருப்தியா முடிஞ்சுது’ எண்ட பத்திரம் அது. அந்த நேரம் முள்ளியவளைக் கணக்குப் பாதிகூட ஏறேல்லை. வேலை முடிஞ்சதுக்கு வாடிக்கையாளரின்ர கையெழுத்து மாதிரி ஒரு சான்று காட்டினால்தான் மாத்திற கம்பனிக்கு அந்தக் காசு விடுபடும். எங்களிட்ட இருந்த ஒரே பிடி அந்தக் கையெழுத்து. அதை வைச்ச பிறகு அவை ஃபோன் எடுக்கிறதும் குறைஞ்சுது. மாங்குளம் கணக்கை ஏத்த ஒரு மாசம் கெஞ்சினன்.

தையில முதல் பில் வந்தது: 186,000 ரூபா. கேட்டால், "கிரெடிட் முடிஞ்சுது அண்ணை, இனி மாதாமாதம் இப்பிடித்தான்" எண்டு பதில். ஒரு வருசம் எண்டது மூண்டு மாசத்தில முடிஞ்சுது.

என்ர மருமகன் அறிவியல் நகரில பொறியியல் படிச்சவன். அவன் இருந்து பாத்தான். ஆறு பேர் பாவிக்கிற கணக்குக்கு எட்டு கோர், 32 ஜிபி மெமரி உள்ள விண்டோஸ் மெசின் ஒண்டு இரவு பகலா ஓடுது. "மாமா, மூண்டு கடையும் பூட்டின பிறகும் இது ஓடுது. இதில கால்வாசிக்குக்கூட உங்களுக்கு வேலை இல்லை" எண்டான். பிறகுதான் விளங்கினது. இந்தத் திட்டங்களில கிடைக்கிற தொகை, மாறின பிறகு வருசத்துக்கு எவ்வளவு செலவாகும் எண்ட மதிப்பீட்டைப் பொறுத்தது. மெசின் பெரிசெண்டால் மதிப்பீடும் பெரிசு. டாக்கும் ஒண்டும் போட்டிருக்கேல்லை.

இன்னொண்டு இருக்கு, இதை நினைச்சாத்தான் இப்பவும் வயிறு எரியுது. கிளவுட் கணக்கை அவை தங்கட ஈமெயிலில, தங்கட பெரிய கணக்குக்குக் கீழதான் திறந்திருக்கினம். அந்த ஈமெயில் ஆரிட்டயோ, கணக்கும் அவரிட்டத்தான். அப்பிடிக் கீழ வைச்ச கணக்குகளுக்குள்ள கிரெடிட்டைப் பகிரவும் ஏலும். என்ர பேரில வந்த கிரெடிட் எங்க போனதெண்டு காட்டச் சொல்லிக் கேட்டன். இண்டைவரைக்கும் காட்டேல்லை.

நிப்பாட்டப்போறன் எண்டு சொன்ன மூண்டாம் நாள் பாஸ்வேர்ட் வேலை செய்யேல்லை. மாசி மாசம், பெரும்போக அறுவடை முடிஞ்சு சனம் காசோட வாற நேரம். ஒரு ஐயா சைக்கிளில வந்து, "தம்பி, என்ர கணக்கைப் பாத்துச் சொல்லு, கட்டிட்டுப் போறன்" எண்டு நிண்டார். என்னட்டச் சொல்லக் கணக்கில்லை. அவர் தன்ர துண்டை எடுத்துக் காட்டினார். நான் அந்தத் துண்டை நம்பி வாங்கினன். அப்பிடி வந்த ஒவ்வொருத்தரும் நேர்மையாத்தான் சொல்லிச்சினம், அதுக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் ஒருத்தரும் வராத கணக்குகள் இப்பவும் நிக்குது. கடைசியில ரெண்டு மாச பில்லைக் கட்டித்தான் பேக்கப் ஃபைலை வாங்கினன்.

இப்ப கிளவுட் கணக்கு என்ர ஈமெயிலில, என்ர வங்கிக் கார்டில, சின்ன மெசினில ஓடுது. செலவு முந்தின பில்லில பத்தில ஒரு பங்கைச் சுத்தி. அதையும் டொலரிலதான் கணக்குப் பாக்கினம், அதால ஒரு தொகையைத் தாண்டினால் எச்சரிக்கை ஈமெயில் வாற மாதிரி மருமகன் செய்து வைச்சிருக்கிறான்.

ஆராவது இந்த ஸ்பொன்சர் கதையோட உங்கட கடைக்கு வந்தால், கிரெடிட் எவ்வளவு, எந்தத் திகதியில முடியும், முடிஞ்ச பிறகு மாதம் என்ன பில் வரும் எண்டு தமிழில எழுதித் தரச் சொல்லுங்கோ. கிளவுட் கணக்கை உங்கட ஈமெயிலில திறக்கச் சொல்லுங்கோ. எல்லாக் கிளையும் ஓடி, நீங்களே ஒரு பேக்கப்பை இறக்கித் திறந்து பாக்கும்வரைக்கும் முடிவுப் பத்திரத்தில கை வைக்காதேங்கோ.

ஏற்கனவே கையெழுத்து வைச்ச ஆக்கள் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு கடைக்கு வாங்கோ. மருமகன் சனி, ஞாயிறு இங்கதான் நிப்பான், வாசிச்சுச் சொல்லுவான்.