தென்னை சிலந்திக்கு பூஞ்சாணப் பவுடர்: கேக்குது, ஆனா அந்த நாசில் இருக்கே...

தென்னை சிலந்தியக் கொல்லுத ஹிர்சுடெல்லாங்குற பூஞ்சாணப் பவுடர் எப்பிடின்னு ஆளாளுக்கு கேக்கீங்க, தனித்தனியா சொல்லி முடியல, மொத்தமா எழுதிருதேன். ஈரியோபைட் சிலந்திய (வலை கட்டுத சிலந்தி இல்ல, கண்ணுக்கே தெரியாம காய்ல சாறு உறிஞ்சுத பொடிப் பூச்சி) பத்தி தென்னை வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல, 1998ல கேரளாவுல எர்ணாகுளம் பக்கம் முதல்ல பாத்தது, இப்ப நம்ம தென்காசிப் பக்கம் கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம்னு காய்ல சொறி விழாத தோப்பு எது சொல்லுங்க பாப்போம்.

நல்லத முதல்ல சொல்லிருதேன். இத சிலந்தி திங்கணும்னு கூட இல்ல, பூஞ்சாண வித்து அது மேல ஒட்டுனா போதும், தோலத் துளைச்சு உள்ள போயி ஆளையே முடிச்சிட்டு, வெளிய பூத்து பக்கத்துல இருக்குததுக்கும் ஒட்டிரும். காயோட தலைல மூடியிருக்குத காம்புத் தொப்பிக்கு அடியில ஒளிஞ்சு கிடக்குத சனியனுக்கு இதவிட நல்ல தண்டனை உண்டா? ஆனா பழைய காய்ல விழுந்த சொறி போகாது, அதப் பாத்துட்டு "ஒண்ணும் கேக்கல"ன்னு திட்டுதவங்கதான் ஜாஸ்தி. அடிச்சதுக்கு அப்புறம் பிடிச்ச குரும்பையப் பாக்கணும்யா.

இனி என் கோவம். நாசில், அதான் ஸ்ப்ரேயரோட முனை! பவுடர் டால்க்ல கலந்தது, கரையவே கரையாது. லிட்டருக்கு 20 கிராம், மரத்துக்கு ஒரு லிட்டர்னு கலக்கி மேல கொண்டு போறதுக்குள்ள அடியில படிஞ்சிருது, மரம் ஏறுத அண்ணாச்சி ஒத்தக் கைல மட்டையப் பிடிச்சிக்கிட்டு மறு கைல ஸ்ப்ரேயர அமுக்குனா நாலு சொட்டு வரும், அப்புறம் அடைச்சிரும், கீழ நிக்குத எனக்குல்லா வசவு விழுது. பழைய வேட்டில வடிகட்டிப் பாத்தேன், அப்பவும் இதே கூத்துதான். இதுல சாயங்காலம் வேற அடிக்கணும், வெயில்ல வித்து செத்துரும், அவரு காலைல தவிர வரமாட்டாரு, சாயங்காலம்னா கூலி வேற பேச்சு.

இன்னொண்ணு, மழை ஈரத்துலதான் இது நல்லா பிடிக்கும், அதே மழைக்குத்தான் குருத்தழுகலுக்கு போர்டோ கலவையும் ஊத்துவோம், அதுல உள்ள செம்பு பட்டா நம்ம பூஞ்சாணமும் காலி. ரெண்டுக்கும் நடுவுல நாள் விடணும். நான் வாங்குன கடையில பூஞ்சாணத்தக் கொல்லுத மேங்கோசெப் மருந்தையும் சேத்து ஒரே பில்லுல போட்டு "ரெண்டையும் கலந்து அடிங்க"ன்னு தாராங்க! பவுடர் பாக்கெட் எல்லாம் தகரக் கொட்டாய்ல வெந்துக்கிட்டு கிடக்கு, உயிர் இருக்குத சரக்குய்யா அது, உரம் மாதிரியா அடுக்குவாங்க.

சரி, காய் எப்பிடி? புதுக் குலை வழுவழுன்னு வந்திருக்கு, மட்டை உரிக்குத பையனே "இப்ப கம்பி நல்லா இறங்குது"ங்கான். இருந்தாலும் வீட்டுக்குப் பின்னால நாலு மரம் வச்சிருக்கவங்க இதுகூட மல்லுக்கட்டாதீங்க. வேப்பெண்ணெய் பூண்டுக் கரைசல அடிச்சிட்டு, மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டு, பொட்டாஷக் கொறைக்காம இருங்க, போதும்.

நான் ஐப்பசிக்கு மறுபடி இதத்தான் அடிக்கப் போறேன், கடைய மட்டும் மாத்தியாச்சு. இதே பூஞ்சாணம் திரவமா எங்கயாவது கிடைச்சா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.