திருகோணமலைத் துறைமுகம்: அரைநாள் நடையும் வள்ளமும்

வழிகாட்டியோடு போகும் அரைநாள் சுற்றுலா இது: கோணேசர் மலையில் ஏறி, பிரட்ரிக் கோட்டை வழியாக இறங்கி, பிறகு வள்ளத்தில் கொட்டியாரக்குடா. ஒழுங்கு சரிதான். மலை நுனியில் நின்றால் பேக் பே, டச் பே என்ற இரண்டு குடாக்களும் தெரியும். இரண்டும் கடலுக்குத் திறந்தவை. வாடை அடித்தால் பேக் பேயில் அலை நேரே வந்து மோதும். உட்துறைமுகமோ குன்றுகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. கதையின் ஆணிவேரே இதுதான். வழிகாட்டியோ 'இயற்கைத் துறைமுகம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சோழமண்டலக் கரையில் பெரிய பாய்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. ஐப்பசியில் வாடை தொடங்கினால் சென்னைக்கு முன்னால் நங்கூரமிட்டு நிற்பது உயிராபத்து. வங்காள விரிகுடாவில் கடற்படை வைத்திருந்தவர்களுக்கு இந்தத் துறை தேவைப்பட்டது அதனால்தான். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார். பிறகு அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பறித்தனர். சுற்றுலாவில் இந்த ஆண்டுகளை ஒப்புவிக்கிறார்கள், காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

வள்ளப் பகுதி நன்று. மகாவலி ஆறு கடலில் விழும் மூதூர்ப் பக்கம் வண்டல் நிலம், வயல். ஆனால் குடாவின் அடியில் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு. ஓட்டி இதை நன்றாகவே காட்டுகிறார், வழிகாட்டியைவிட.

மே முதல் செப்டம்பர் வரை, காலையிலேயே போங்கள். பிற்பகலில் காற்று எழும்பினால் வள்ளம் ஆடும். ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி பற்றி முன்பே கேளுங்கள். சிறுபிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இல்லை. அதைக் கேட்டுவிட்டு முற்பணம் கட்டுங்கள்.