டி2-40 ஆன்டிபாடி: சின்ன லேபுக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். டி2-40 என்பது நோயியல் லேபில் திசு ஸ்லைடில் போட்டு, ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கும் செல்களைப் பழுப்பாகக் காட்டும் ஆன்டிபாடி. விந்தகக் கட்டி என்றாலே பழக்கதோஷத்தில் பிளாப் (நஞ்சுக்கொடி வகை ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்) ஆன்டிபாடியை ஆர்டர் போடும் லேப்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, அது வந்து ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் உட்கார்ந்து பாதிகூடத் தீராமல் எக்ஸ்பயரி ஆகிறது. டென்மார்க், நார்வே பக்கம் லட்சம் ஆண்களில் வருஷத்துக்குப் பத்துப் பேரை ஒட்டி வரும் இந்தப் புற்றுநோய், இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு வேலைக்காக மட்டும் ஒரு பாட்டிலை வாங்கி வைப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. டி2-40 அப்படியில்லை. மார்பகம், குடல், மெலனோமா கேஸ்களில் நிணநீர்க் குழாய்க்குள் கட்டி நுழைந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதுதான், மீசோதீலியோமா (நுரையீரல் போன்ற உறுப்புகளின் உறையில் வரும் புற்றுநோய்) சந்தேகம் வந்தாலும் இதைத்தான் எடுப்போம். பாட்டில் சும்மா கிடக்காது.

இது பிடிப்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் போடோபிளானினை. புரதம்தான், ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சியாலிக் அமிலம் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் அப்பியிருக்கும். இந்த ஆன்டிபாடி பிறந்ததே விந்தகக் கட்டி ஆராய்ச்சியில்தான் என்பது பலருக்குத் தெரியாது. டொரன்டோவில் அலெக்ஸாண்டர் மார்க்ஸ் குழுவினர் செமினோமா என்ற விந்தகக் கட்டி வகையின் செல்களின் மேல் இருக்கும் எம்2ஏ என்ற சர்க்கரைப் புரதத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்; கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் ஜெர்ம் செல்களில் (பின்னால் விந்தணுவாக மாறும் மூல செல்கள்) அது இருக்கும், வளர்ந்தவரின் சாதாரண ஜெர்ம் செல்களில் இருக்காது, கட்டியில் மட்டும் திரும்பத் தலைகாட்டும். 2002இல் அவர்களே நிணநீர்க் குழாய்ச் சுவரையும் இது பிடிக்கிறது என்று எழுதினார்கள், அப்புறம் அந்த வேலையில்தான் இதற்குப் பெயர் வந்தது. எம்2ஏயும் போடோபிளானினும் ஒன்றேதான் என்று கோபன்ஹேகன் குழு 2006இல் காட்டியது.

சரி, ஸ்லைடில் எப்படி இருக்கிறது? செமினோமாவில் அழகு. நீல நியூக்ளியஸ் ஒவ்வொன்றையும் சுற்றி, செல் ஓரத்திலேயே பழுப்புக் கோடு, புள்ளிகளை வளைத்துப் போட்ட சிக்குக் கோலம் மாதிரி. இடையில் கிடக்கும் லிம்போசைட்டுகளில் ஒன்றும் ஏறாது. எனக்கு அதைவிடப் பிடித்தது கட்டியை ஒட்டியுள்ள நுண்குழல்களில் தெரிவது: அடிச்சவ்வோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஜிசினிஸ் செல்கள், அதாவது கட்டியாவதற்கு முந்தைய நிலையில் இருப்பவை, ஒவ்வொன்றும் தனி வளையமாகத் தெரியும். எச் அண்டு ஈ என்ற வழக்கமான சாயத்தில் 'இருக்குமோ, இருக்காதோ' என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது இதில் பளிச்சென்று நிற்கும். இன்னொரு வசதி, கன்ட்ரோல் அதே ஸ்லைடில் இருக்கிறது. நிணநீர்க் குழாய் சிவப்பணு இல்லாமல் பழுப்பாகவும், பக்கத்து ரத்தக் குழாய்ச் சுவர் வெறுமையாகவும் இருந்தால் சாயம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

குறை இல்லாமல் இல்லை. எம்பிரியோனல் கார்சினோமா என்ற இன்னொரு விந்தகக் கட்டி வகையிலும் இது அங்கங்கே வரும், பெரும்பாலும் சுரப்பி மாதிரி அமைந்த இடங்களில் உள்விளிம்பில் மட்டும். ஊசி பயாப்சியில் துணுக்கு சின்னதாக வந்து அந்த இடமே மாட்டினால் ஏமாற வாய்ப்பு உண்டு. ஆகவே தனியாக நம்ப வேண்டாம், சிடி30, சிடி117 என்ற வேறு இரண்டு ஆன்டிபாடிகளையும் ஜோடி சேருங்கள். செமினோமா என்றால் சிடி117 பாசிட்டிவ், சிடி30 நெகட்டிவ். எம்பிரியோனல் என்றால் தலைகீழ். சிடி117 ஜிஸ்ட் என்ற குடல் கட்டிக்கும், சிடி30 ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் எப்படியும் லேபில் இருக்கும். கீமோவுக்குப் பிறகு எடுத்த திசு என்றால் சிடி30 காணாமல் போயிருக்கலாம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ட்3/4 நல்ல மார்க்கர்தான், ஆனால் இரண்டிலும் நியூக்ளியஸ் கறுத்துவிடும், இவை இரண்டையும் பிரிக்க உதவாது. ஏஎஃப்பி (ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம், சுத்தமான செமினோமா இதைச் சுரக்காது) ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்; அது நன்றாக ஏறியிருந்தால், ஸ்லைடு எவ்வளவு சுத்தமான செமினோமாவாக இருந்தாலும் இன்னும் நாலு திசு பிளாக் வெட்டி வேறு வகைக் கட்டி கலந்திருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். சிகிச்சையே அதை வைத்து மாறுகிறது.

பாதி நேரம் ஆன்டிபாடியைத் திட்டுகிறோம், தப்பு திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருக்கும். விந்தகத்தின் வெள்ளை உறை கெட்டியானது, முழுசாக டப்பாவில் போட்டு அனுப்பினால் உள்ளே ஃபார்மலின் இறங்காது, நடுவில் செல் ஓரமெல்லாம் கரைந்து, பழுப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் புகை மாதிரி வரும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த உடனே நடுவே வெட்டித் திறந்து போடச் சொல்லுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எங்களுக்கு சப்ளை செய்த ஒரு டீலர் ஐஸ் பேக் முழுக்க உருகித் தண்ணீராகிப்போன பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார், கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார். திருப்பி அனுப்பிவிட்டோம், மாற்றுப் பாட்டில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டெலிவரி ஆளை நிற்க வைத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள், லாட் நம்பரையும் எக்ஸ்பயரியையும் குறித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாதத்துக்கு நாலைந்து கேஸ்தான் என்றால் அப்படியே ஊற்றிப் பயன்படுத்தும் ரெடி டு யூஸ் சின்ன பாட்டில் போதும், விலை கொஞ்சம் கடிக்கும்தான். நாமே நீர்க்க வைக்க வேண்டிய கான்சன்ட்ரேட் மலிவு மாதிரி தெரியும், ஆனால் டைல்யூஷன் சரிபார்த்து முடிப்பதற்குள் அந்த லாபம் ஸ்லைடிலேயே போய்விடும்.