ஒரு நாடா, ஒரு கருப்பொருளா: எந்தத் தபால்தலைத் தொகுப்பு?

தபால்தலை சேகரிக்கத் தொடங்கும் பலர் தயங்கி நிற்கும் இடம் இது: ஒரே நாட்டின் தலைகளைச் சேர்ப்பதா, பறவை, ரயில், கப்பல் என ஒரு கருப்பொருளைப் பிடித்துக்கொள்வதா?

செலவு
நாடு: அண்மைக்கால வெளியீடுகள் மலிவு. பழையவற்றைத் தேடப் போனால் பணம் கரையும்.
கருப்பொருள்: விலை உயர்ந்த ஒன்றை விட்டுவிட்டாலும் தொகுப்பில் குறை தெரியாது.

எல்லை
நாடு: வரிசையைப் பட்டியல் நூலே சொல்லிவிடும். விடுபட்ட இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.
கருப்பொருள்: எல்லையை நாமே வகுக்க வேண்டும். ‘பறவைகள்’ என்றால் மூழ்கிப்போவோம். ‘ஆந்தைகள்’ என்றால் கரையேறலாம்.

நுணுக்கம்
நாடு: இதில் என் வாக்கு நாட்டுத் தொகுப்புக்கே. 1840இல் பிரிட்டன் வெளியிட்ட ‘பென்னி பிளாக்’ என்ற தபால்தலையைப் பாருங்கள். கீழ் மூலைகளில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து வரிசையையும் இரண்டாவது அந்த வரிசையில் தலையின் இடத்தையும் காட்டும். 20 வரிசை, வரிசைக்கு 12 என ஒரு தாளில் 240 தலைகள். எழுத்துகளை அச்சுத்தகட்டில் கையால் பதித்ததால் அவை தகட்டுக்குத் தகடு சற்றே விலகியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த விலகலைப் பிடித்து, எந்தத் தகட்டில் அச்சானது என்று சொல்லிவிடலாம். என்ன ஒரு சுகம் அது!
கருப்பொருள்: தலையோடு அஞ்சலகம் குத்தும் சிறப்பு முத்திரைகளும் அஞ்சல் உறைகளும் சேரும். படிப்பு அந்தப் பொருளைப் பற்றியதாக விரியும்.

குழந்தைகளுக்கும் ஏற்கெனவே ஒரு துறையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கும் கருப்பொருளே பொருந்தும். காகிதம், அதனுள் மங்கலாகத் தெரியும் நீர்க்குறி, ஓரத்துளை என்று துருவிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் ஒரு நாட்டை, அதிலும் ஒரு குறுகிய காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.