குடிநோய் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

கடந்த ஆண்டு, சுவரொட்டியில் இருந்த ஓர் எண்ணை நம்பி, என் தம்பியை ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் மறுவாழ்வு மையத்திடம் ஒப்படைத்தோம். நாங்கள் அழைத்துவரத் தேவையில்லை, அவர்களே வந்து கூட்டிச் செல்வதாகச் சொன்னார்கள். இரவு 11 மணிக்கு வேனில் வந்த நான்கு பேர், தூங்கிக்கொண்டிருந்தவனின் கைகளைக் கட்டித் தூக்கிச் சென்றபோது, அம்மா அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். அதைத் தடுக்காமல் நின்றதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பார்த்தால் மனம் மாறிவிடுவான் என்று சொல்லி, 40 நாட்களுக்கு எங்களைச் சந்திக்கவே விடவில்லை. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அந்த நாட்களில் மருத்துவர் அருகில் இருப்பது மிக அவசியம். அங்கே மருத்துவரே இல்லை; மூன்றாம் நாள் தம்பிக்கு வலிப்பு வந்தபோது, முன்பு அங்கே தங்கியிருந்து பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒருவர்தான் ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார். அங்கிருந்து வெளியே வந்த ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே இது எங்களுக்குத் தெரிந்தது. அன்றே போய்ச் சண்டையிட்டு அழைத்து வந்தோம். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் கறுத்திருந்தது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும் என்பதை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில்தான் அறிந்தோம். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. பார்வையாளர்களைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. சந்திக்க விருப்பமில்லை என்று சொல்லும் உரிமையும் அவருடையதே, மையத்துடையது அல்ல. எங்களிடம் இருந்த ரசீதை அப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். அதில் பதிவு எண்ணே இல்லை.

எனவே பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றிதழையும் மருத்துவரின் பெயரையும் கேளுங்கள்; தங்கும் அறையை நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. தம்பி இப்போது வாரந்தோறும் கூட்டத்துக்குத் தானாகவே போய்வருகிறான். முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை; ரசீதின் நகலை இணைத்து, அதே சட்டத்தின் கீழ் இத்தகைய புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம்.